தேவமணி டீச்சரும் மூன்றாம் கியரும்

தேவமணிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. நாசரேத்தில் பிறந்து, அங்கேயே படித்து, கணக்கில் பட்டம் வாங்கி, ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகு தினமும் திருச்செந்தூர் பஸ்தான். அந்த உயரப் படியில் அவள் ஏறி முடிக்கும்வரை பின்னால் நிற்பவர்கள் பொறுமையாக நிற்பார்கள். அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கிளட்ச் மிதிக்க வேண்டாத கார் ஒன்று வாங்கலாம் என்று சொன்னவன் அவள் கணவன் ஜேசுபாதம். துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தது. வலது கால் ஒன்றே போதும். முப்பத்தெட்டு வயதில் தேவமணி லைசென்ஸ் எடுத்தாள். ஒன்பது வருஷம் அந்தக் கார்தான் அவளுக்குக் கால்.

போன மார்ச் மாதம் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. சூடு காட்டும் முள் மேலே ஏறியதை அவள் பார்த்தாள். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டிவிட்டாள். பழையகாயல் தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றுபோனது. இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் அவளும் கைத்தடியும். ஜேசுபாதம் வந்து கட்டி இழுத்துப் போனான். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எஞ்சின் இனி ஆகாது, வேறு எஞ்சின் வாங்கி வீட்டிலேயே நானே மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

மதுரையில் அதே மாடல் கார் ஒன்று விபத்தில் நசுங்கிக் கிடந்தது. அதன் எஞ்சின் வந்து இறங்கியது. வேப்பமரத்தடியில் மூன்று இரும்புக் குழாய்களை நிறுத்தி, எடை தூக்கும் செயின் பிளாக் தொங்கவிட்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஜேசுபாதம் வேலை பார்த்தான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று பூசணிக்காய் அளவில் ஒரு உருண்டை உண்டு. எண்ணெயை வைத்தே சுழற்சியை அந்தப் பக்கம் கடத்துவது. அது முழுக்க உள்ளே உட்காராமல் போல்ட்டை முடுக்கினால் கியர்பாக்ஸ் பம்பு உடைந்துபோகும். அதனால் அதை மெல்லச் சுற்றிச் சுற்றி, மூன்று முறை 'டக்' கேட்கும்வரை தள்ளி உட்கார வைத்தான். தேவமணி நாற்காலி போட்டுப் பக்கத்தில் இருந்தாள். அத்தனை பெரிய இரும்பை ஓசைக்குக் காத்திருந்து பொருத்துகிறானே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்தது. காரைத் தெருவுக்கு எடுத்தான். பத்தடி நன்றாகப் போனது. பிறகு ஒரு உதறல். டேஷ்போர்டில் ஓட்டும் நிலையைக் காட்டும் D எழுத்து மின்ன ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கார் மூன்றாம் கியரைவிட்டு நகரவில்லை. நின்று கிளம்பினாலும் மூன்றுதான், வேகமெடுத்தாலும் மூன்றுதான். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி பத்தடி, மறுபடி உதறல்.

ஜேசுபாதம் கியர் எண்ணெயைப் பார்த்தான். அளவு சரி, சிவப்பு மாறவில்லை, கருகல் வாடை இல்லை. எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான். பேட்டரியைப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. கடைசியில், ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருந்த நண்பன் டெரன்ஸைக் கூப்பிட்டான்.

டெரன்ஸ் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். கியர் விகிதம் தப்பு என்று காட்டியது. தப்பு தெரிந்தால் காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக மூன்றாம் கியரிலேயே பூட்டிவிடும் என்றான். உள்ளே கிளட்ச் பிளேட் வழுக்குகிறது, கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தே ஆகவேண்டும் என்றான். மறுநாள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஸ்கேனரை விட்டுவிட்டுப் போனான்.

அன்று ஜேசுபாதம் சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு வாரம் உழைத்துத் தானே கெடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் அவனை அரித்தது. முள்ளைப் பார்த்தும் நிறுத்தாதவள் நான்தானே என்று தேவமணி உள்ளுக்குள் குமைந்தாள்.

சனிக்கிழமை காலை இருவரும் துறைமுகச் சாலைப் பக்கம் காரை எடுத்துப் போனார்கள். அவன் ஓட்ட, அவள் மடியில் ஸ்கேனர். அதில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று எஞ்சின் பக்கமிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சி, இன்னொன்று சக்கரத்துக்கு வெளியே போகும் சுழற்சி. சும்மா இருக்க முடியாமல் அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். உதறலுக்குப் பிறகு இரண்டு எண்ணும் சமமாகவே ஓடின. ஆனால் உதறலுக்கு முந்தைய அந்தப் பத்தடியில் உள்ளே 310, வெளியே 868. அணைத்துப் போட்டதும் உள்ளே 425, வெளியே 1190. இன்னொரு தரம், 265க்கு 742.

உள்ளே வரும் எண்ணை வெளியே போகும் எண்ணால் வகுத்துப் பார்த்தாள். மூன்று தரமும் 0.357.

அவள் பேனாவை நிறுத்தினாள். வழுக்குகிற பிளேட் ஒவ்வொரு தரமும் ஒரே அளவாகவா வழுக்கும்? காரோடு வந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். கியர் விகிதங்கள் அச்சாகியிருந்தன. முதல் கியர் 2.8, இரண்டாவது 1.5, மூன்றாவது 1, நான்காவது 0.7.

ஒன்றை 2.8ஆல் வகுத்தால் 0.357.

"வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள்.

அவன் நிறுத்தினான்.

"கியர்பாக்ஸ் கெட்டுப்போகல. உள்ள பல்லு ஒண்ணுகூட தப்பா சுத்தல. சொல்லுத எண்ணு மட்டுந்தான் தலைகீழா வருது. வாறத போறதுன்னும், போறத வாறதுன்னும் கம்ப்யூட்டர் எடுத்துக்கிடுது."

ஜேசுபாதம் குறிப்பேட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு, மூன்றாம் கியரில் ஏன் அந்தத் தப்பு தெரியவில்லை என்று கேட்டான். மூன்றாம் கியரின் விகிதம் ஒன்று. ஒன்றைத் தலைகீழாக்கினாலும் ஒன்றுதான் என்றாள் அவள்.

"ஒரு சோதனை இருக்கு" என்றாள் தேவமணி. "நியூட்ரல்ல போடுங்க. வண்டி நிக்குது. வெளிய போற எண்ணு பூஜ்யமால்லா இருக்கணும்? நான் சொல்லுதது சரின்னா, நிக்கிற வண்டிக்கு சக்கரத்துப் பக்கம் ஓடுதுன்னு காட்டும்."

அவன் நியூட்ரலில் போட்டான். கைபிரேக்கை இழுத்தான். கார் அசையாமல் நின்றது. கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனது. ஸ்கேனரில் உள்ளே 0. வெளியே 780.

இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரும்பால் மூடி, எண்ணெயில் மூழ்கி, யார் கண்ணும் படாமல் சுழல்கிற ஒன்றைக் குறிப்பேட்டில் வகுத்த ஒரு கணக்கு தொட்டுவிட்டதே என்று தேவமணிக்கு நெஞ்சு விம்மியது. இருபத்திரண்டு வருஷமாகத் தலைகீழிக் கணக்கைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள்தான். அது இப்படி உயிரோடு ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"ஏளா, இந்த எண்ண அனுப்புத ரெண்டு சென்சாரும் ஒண்ணு போலவே இருக்கும்" என்றான் ஜேசுபாதம் மெதுவாக. "ரெண்டு பிளக்கும் ஒரே கலரு. கழத்தையில வயர எடத்துல பிடிச்சிருந்த கிளிப்பு ஒடஞ்சுது. மாத்திச் சொருகிட்டேன்."

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிச் சொருகினான். பத்து நிமிஷ வேலை. ஸ்கேனரில் பழைய பிழையை அழித்தான். பிறகு சாவியை அவளிடம் நீட்டினான்.

பழையகாயல் ரோட்டில் அவள் ஓட்டினாள். அவன் ஸ்கேனரை வைத்துக்கொண்டு எண்களை வாசித்தான்.

"எண்ணூத்தி நாப்பது, முன்னூறு."

"ரெண்டு புள்ளி எட்டு" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி.

"ஆயிரத்தி இருநூறு, எண்ணூறு."

"ஒண்ணரை."

உதறல் இல்லை. D மின்னவில்லை. மூன்று வந்தது, கொஞ்ச தூரத்தில் நான்கும் வந்தது. "ஆயிரத்தி நானூத்தி எழுபது, ரெண்டாயிரத்தி நூறு" என்று அவன் படித்தான். அவள் புள்ளி ஏழு என்றாள். இப்போது சக்கரத்துப் பக்கம் எஞ்சின் பக்கத்தைவிட வேகமாகச் சுழல்கிறது. அதுவும் புத்தகத்தில் போட்டபடியே.

எத்தனை லட்சம் தரம் சுற்றினாலும் அந்த விகிதம் மாறவே மாறாதா என்று அவள் கேட்டாள்.

"கியர் பல்லு எண்ணிக்கைதானே. பல்லு மொளைக்கவா செய்யும்?" என்றான்.

சாயங்காலம் டெரன்ஸ் ஸ்கேனரை வாங்க வந்தான். குறிப்பேட்டைக் கையில் வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் படித்தான். நான் கியர்பாக்ஸைப் பிரித்தே போட்டிருப்பேன், டீச்சர் காப்பாற்றிவிட்டார்கள் என்றான். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை தேவமணி தனியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஸ்கேனர் இல்லை, எண்களும் இல்லை. ஒவ்வொரு கியர் மாறும்போதும் காலுக்கடியில் வரும் மெல்லிய தளர்ச்சியை மட்டும் கவனித்தாள். ஒன்பது வருஷமும் இருந்ததுதான், அவள் கவனித்ததில்லை. முக்காணிப் பாலத்தில் நான்காம் கியர் விழுந்தது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே போனாள்.