வரத்துப் பாட்டு

எங்கள் குலசாமி கோவில் கொடைவிழாவில் அப்பா முப்பது வருஷமாகச் சாமியாடும் கோமரத்தாடி. வில்லுப்பாட்டில் சாமியை அழைக்கிற வரத்துப் பாட்டைத் தொடங்கினால் ஐந்து நிமிஷத்துக்குள் சாமி அவர் மேல் வந்துவிடும். அப்புறம் பாட்டை யார் கேட்பது? மனிதர் எங்கேயாவது விழுந்து தொலைப்பாரோ என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு வரிகூட என் காதில் ஏறியதில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஆடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கொடைக்கு அவரை ஆழ்வார்குறிச்சி வீட்டில் அம்மாவின் காவலில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். மதியக் கொடையில், நான் பார்த்துக்கொள்ள அப்பா இல்லாததால், முதல் தடவையாகப் பாட்டைக் கேட்டேன்.

சொக்கிப்போனேன். பாடிய அம்மாளுக்கு இனிமையான குரல் என்று சொல்ல முடியாது, கரகரப்பு. ஆனால் ஒரே வரியை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடினார். கொஞ்சினார், கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், ஓய்ந்துபோய் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். முக்கால் மணி நேரம். முழுவதையும் போனில் பதிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, சாமி யார் மேல் வந்தது என்பதுதான். யார் மேலும் வரவில்லை. பெரியப்பா மகன் மேல் வந்தது, நன்றாக ஆடினான் என்று வாய் கூசாமல் சொன்னேன். சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைத்தேன். அப்பா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காரில் அந்தப் பாட்டுதான். வண்ணார்பேட்டை நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் எனக்கு எரிச்சல் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவை முடிவுவரை மட்டும் கேட்டதே இல்லை. பிடித்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் செக்கப் முடிந்து அப்பாவைக் காரில் ஆழ்வார்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேட்டை தாண்டியதும் பாட்டைப் போட்டேன். இவ்வளவு நல்ல பாட்டை அவரும் கேட்க வேண்டும் என்கிற ஆசை, வேறொன்றும் இல்லை. போட்ட பிறகுதான் பயம் வந்தது. பழக்க தோஷத்தில் அவர் காலைப் பார்த்தேன். அது அசையவில்லை. அவர் காரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கூடல் பக்கம் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"ஏட்டி, எம்புட்டு நேரமா பாடுதாவ? அப்போ யாரு மேலயும் வரலையா?"

நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காவ. நான் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் சாமி வந்ததும் முடிந்துவிடுகிற பாட்டு ஏன் அவ்வளவு நீண்டது என்று ஒருநாள்கூட யோசிக்காமல் ரசித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பாட்டை நிறுத்தக் கை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டாத. எப்ப விட்டாவன்னு கேக்கணும்."

கேட்டோம். மேலும் இருபது நிமிஷம் போயிற்று. அந்த அம்மாள் தொண்டை கட்டி ஒரு வரியைப் பாதியில் விட்டார். கொஞ்ச நேரம் குடம் மட்டும் ஒலித்தது. பிறகு மங்களம் பாடிவிட்டார்கள்.

அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"பாவம், ரொம்ப நேரம் வழி பாத்திருக்காவ" என்றார்.