சட்டியைப் பார்க்க வந்தவள்

ஆனி மாதச் சாரலில் குற்றாலத்தில் இருமாதவர்கள் இல்லை. அதனால் என் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணவர் அங்கே ஒரு சீசன் பங்களாவில் காவல் வேலை பார்த்தார். தென்காசியிலிருந்து நானும் பஸ்ஸில் போய், அங்கே தங்குகிறவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பேன். ஒரு நாள் துவைக்கும்போது இருமித் துப்பினேன். சோப்பு நுரையில் சிவப்பாக ஓர் இழை ஓடியது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சயரோகம். இடது நுரையீரலின் மேல்பக்கம் காவிட்டி (நோய் அரித்த குழி) இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் (இந்தக் கிருமியைக் கொல்லும் ஊசி) போட்டுக்கொண்டு, மாத்திரையும் சேர்த்து ஒன்றரை வருஷம் மருந்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்று ஒன்றே ஒன்று கேட்டேன். எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்தின்போது எல்லாரும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில்தான் திராட்சரசம் குடிப்போம். அதில் இனி நான் குடிக்கலாமா?

"சளியில கிருமி இல்லன்னு தெரியிறவரைக்கும் கூட்டத்துக்கே போகாதீங்கம்மா. அப்புறம் தாராளமாப் போகலாம்" என்றார்.

சபையார் வீட்டுக்கு வந்தார்கள். சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, காபி வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பழக்கமான கிருபை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். வேதப் புத்தகம் கொண்டுவர மாட்டாள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் சளிச் சட்டியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு அதில் கொதிநீர் ஊற்றிக் கழுவி வைப்பாள்.

"ரத்தம் வந்துச்சாக்கா?"

"இல்லட்டி."

"அப்ப இந்தா கெடக்கே, இதென்ன குங்குமமா? வேதக்காரி வீட்டுல குங்குமம் ஏது?"

நான் சிரிக்கவில்லை. அவள் அண்ணன் சேகரக் கமிட்டியில் (சபைக் காரியங்களை நடத்தும் குழு) இருந்தார். என் சளியின் நிறம் அன்று சாயங்காலமே கமிட்டிக்குப் போய்விடும் என்று நினைத்தேன். குணமானாலும் என்னைப் பாத்திரத்தின் பக்கம் விடாமலிருக்க இவளைச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள்.

"சும்மா பாக்க வாறவளப் போயி..." என்றார் என் கணவர்.

"சும்மா யாரு வருவா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சட்டியைக் கழுவிவைக்கத் தொடங்கினேன். குனிந்து கழுவினால் மூச்சு வாங்கும். ஆனாலும் கழுவினேன். மார்கழியில் ஒரு நாள் கிருபை காலிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாருக்குப் பயந்து கழுவுதிய?"

"ஒங்க அண்ணன் அனுப்பித்தான நீ வாற?"

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாக்கா. மொத ரெண்டு வாரம் அண்ணன்தான் அனுப்புனாவ. சட்டியப் பாத்துட்டு வந்து சொல்லுன்னாவ. சொன்னேன். அதுக்குப் பொறவு அவுக கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. ஆனி போயி மார்கழி வந்துட்டு. இப்ப யாரு அனுப்பி வாறேன்னு நெனைக்கிய?"

"பொறவு எதுக்கு இதையே பாக்க?"

"மத்தவங்க சங்கீதம் வாசிக்காவ. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுக்கா. பாட்டுப் புத்தகத்தச் சும்மா விரிச்சு வச்சிருப்பேன். ஐக்கியத்துல யாருக்கும் தெரியாது. ரத்தம் கொறையுதான்னா பாக்கத் தெரியும்."

உடனே நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சட்டியைக் கழுவாமல் விட்டேன். இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வருகிறவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டேகூட உள்ளே விடலாம்.

மாசியில் மூன்று முறை சளிச் சோதனை செய்தார்கள். கிருமி இல்லை. பங்குனியில் கோயிலுக்குப் போனேன். திருவிருந்துக்கு மண்டியிட்டதும், இடப்பக்கம் இருந்த அம்மாள் ஒரு முழம் தள்ளி நகர்ந்துகொண்டார். அந்த இடைவெளியில் கிருபை வந்து மண்டியிட்டாள். சபைப் போதகரான ஐயர் எனக்குப் பாத்திரத்தைக் கொடுத்தார். பிறகு விளிம்பைத் துணியால் துடைத்து அவளுக்குக் கொடுத்தார். சும்மா உதட்டில் வைத்துவிட்டுக் கொடுத்துவிடுவாளோ என்று அப்போதும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தொண்டை அசைந்தது.

எழும்போது கால் மரத்துப்போய் என் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். குழி இருக்கும் பக்கம் என்று நான் பாரம் எதுவும் தாங்கவிடாமல் வைத்திருந்த தோள். அவள் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தாள். அது தாங்கியது.

இன்னும் ஒன்பது மாத மருந்து பாக்கியிருந்தது. அந்த மாதங்களை நான் எண்ணவில்லை.