பலாப்பழ பீருக்கு விழுந்த மொய்

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு மாடியில் தகரம் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, பெங்களூரிலும் புனேயிலும் ஆட்கள் குடிக்கிற பீருக்கு அவர்கள் போடும் நட்சத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. நான் பீர் குடித்ததில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வேலைக்குச் சேர்த்தவர்கள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. இங்கிலீஷ் வாசிக்க வருமா, வீட்டில் நெட் நிற்காமல் வருமா, அவ்வளவுதான் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் தட்டுத் தடுமாறிப் படித்த இங்கிலீஷ் கடைசியில் இதற்குத்தான் உதவியது. ஆத்தா அக்கம்பக்கத்தில், "எம்மகன் கம்ப்யூட்டர்ல மார்க்கு திருத்துறான்" என்று சொல்லி வைத்திருக்கிறது. அது பொய்யும் இல்லை.

கடையில் விற்கிற பாட்டில் பீர் இல்லை இது. சின்னச் சின்ன மதுக்கூடங்களில் அங்கேயே காய்ச்சி, குழாயில் பிடித்துக் கொடுப்பது. கிராஃப்ட் பீர் என்கிறார்கள். குடித்தவர்கள் ஓர் ஆப்பில் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டு, இரண்டு வரி எழுதுவார்கள். அதில் பொய்யானவை என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படுவதை எனக்கு அனுப்பும். நான் வாசித்து, வைக்கலாம் அல்லது தூக்கலாம் என்று அழுத்த வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வரியையும் அகராதி வைத்து வாசித்தேன். மாம்பழத் தோல் வாசனை, மழை பெய்த மண், ஈரக் கம்பளி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நாக்குக்கு இவ்வளவு தெரியுமா என்று மலைப்பாக இருக்கும். கொஞ்ச நாள் போனதும் எழுதியதை வாசிக்காமலேயே எத்தனை நட்சத்திரம் என்று சொல்ல எனக்கு வந்துவிட்டது. காய்ச்சிய இடத்தின் பேரைப் பார்த்தால் போதும். பேர் பெற்ற இடத்தில் கசந்தால் அது துணிச்சல். பேர் தெரியாத இடத்தில் கசந்தால் அது கசப்பு. முதலில் எழுதும் நாலைந்து பேர் பெரிய ஆட்களாக இருந்தால், பின்னால் வருகிறவர்கள் அந்த நாலைந்து வார்த்தைகளையே மாற்றி மாற்றிப் போடுவார்கள். கொஞ்சமாகத்தான் காய்ச்சியிருக்கிறோம், முந்துகிறவர்களுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டால் அரை நட்சத்திரம் தானாக ஏறிவிடும்.

ஒருமுறை ஒரு பெரிய இடத்துப் பீருக்கு, சாயங்காலம்தான் குழாய் திறப்பதாக அறிவிப்பு. காலையிலேயே ஐந்து ஐந்தாக விழுந்துகொண்டிருந்தது. நான் எங்கள் சூப்பர்வைசர் மேடத்துக்கு போன் செய்தேன். சென்னையில் இருக்கிறார். கோபப்படத் தெரியாதவர்.

"மேடம், இன்னும் யாரும் குடிக்கவே இல்லையே."

"தெரியும் தம்பி. ஆர்வத்துல போடுறாங்க. எல்லாம் பழைய அக்கவுண்ட். விட்டுடுங்க."

விட்டுவிட்டேன்.

என் தாய்மாமன் மகன் பெங்களூரில் இப்படி ஒரு மதுக்கூடத்தில் இருக்கிறான். என்னைவிட மூத்தவன், எனக்கு மச்சான். பத்தாவதோடு நிறுத்திவிட்டுப் போய், பீர் காய்ச்சும் பெரிய டிரம்களைக் கழுவுகிற வேலையில் சேர்ந்தான். கழுவிக் கழுவியே காய்ச்சுகிறவருக்குக் கையாளாகி, போன வருடம் முதலாளியிடம் கேட்டுத் தனக்கென்று ஒரு பீர் காய்ச்சினான். மாமா தோப்பில் காய்த்த பலாப்பழம் போட்ட பீர். குழாயில் அதற்கு ஓர் இடம் கொடுத்தார்கள். மாமா ஊரில் மகன் ஜூஸ் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தவர்கள் கிண்டல் செய்தால், "பழந்தானய்யா போடுறான்? அப்பறம் ஜூஸ் இல்லாம என்ன?" என்பார்.

மச்சானின் பீருக்கு நட்சத்திரம் மூன்றுக்குக் கீழேயே கிடந்தது. மோசம் என்று யாரும் எழுதவில்லை. 'பலாப்பழமா, வேடிக்கைதான்' என்று ஒருவர். 'நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது' என்று இரண்டு நட்சத்திரம் போட்டவர் ஒருவர். அந்த வரியை நான் பல தடவை வாசித்தேன். நன்றாக இருந்தால் ஏன் இரண்டு? கேட்க ஆள் இல்லை. நான் அதைக் குடித்ததில்லை, ஆனாலும் நல்ல பீர் என்றே நம்பினேன். மச்சான் காய்ச்சியது, மாமா தோப்புப் பழம் என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் கிடையாது.

ஆனி மாதக் கடைசியில் மச்சான் போன் செய்தான். "மாப்ள, அடுத்த மாசக் கடைசிக்குள்ள மூணரைக்கு வரலைன்னா கொழாய வேற பீருக்குக் குடுத்துருவேன்ட்டாரு மொதலாளி. நான் மறுபடி டிரம்மு கழுவப் போகணும்டா. நீ அங்கதான வேல பாக்குற, எதாச்சும் செய்ய முடியுமா?"

"தூக்கத்தான் மச்சான் முடியும். போட முடியாது."

"நல்ல வேலைடா ஒன் வேல" என்றான். சிரிக்க முயன்றான்.

அந்த வருடம் ஆடியில் மாமாவுக்கு மொய் விருந்து முறை. எங்கள் பக்கம் ஆடி வந்தால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மண்டபத்தைப் பிடித்து, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். நமக்குச் செய்தவருக்கு அவர் முறை வரும்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் செய்ய வேண்டும். குறைத்தால் அது பகை. விருந்துக்குச் சில நாள் முன்பு மாமா வந்து, "மருமகனே, எம்மகன் பீருக்கு எப்புடி நட்சத்திரம் போடுறது, காட்டு" என்றார். அப்பாவின் ஆசை என்று நினைத்து அவர் போனில் ஆப்பை ஏற்றிக் காட்டினேன். ஐந்து போட்டுவிட்டு, "ம்ம், லேசாத்தான் இருக்கு" என்று எழுந்து போனார்.

விருந்தன்று முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் ஸ்கிரீனில் ஒரு குவியல் வந்து விழுந்தது. ஒரே பீருக்கு, ஒரே ஊரிலிருந்து, எல்லாம் ஐந்து. பீரின் பேரைப் பார்த்தேன், மச்சானுடையது. எழுதியிருந்ததெல்லாம் தமிழ். 'மேற்பனைக்காட்டிலிருந்து குடும்பத்துடன் வந்தோம். சிறப்பு.' 'கொத்தமங்கலம் தாய்மாமன் சார்பில் ஐந்து.' 'சாப்பாடு அருமை. கறி கொஞ்சம் காரம்.' 'தம்பி மேன்மேலும் வளர வாழ்த்துக்கள்.' மொய் எழுதுகிற மேசையில் ஊரும் முறையும் சொல்வதுபோல ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள். அதில் எங்கள் ஆத்தாவுடையதும் இருந்தது. பீர் வாடையடித்தால் முந்தானையால் மூக்கைப் பொத்துகிற ஆத்தா.

கீழே இறங்கிக் கேட்டேன். அப்போதுதான் மண்டபத்திலிருந்து வந்திருந்தது. "அண்ணன் மைக்குல கேட்டுச்சுடா, எம்புள்ளைக்கி இதயும் ஒரு மொய்யா நெனச்சுச் செய்யிங்கன்னு. மண்டபத்து வைஃபையவும் தொறந்து விட்டுச்சு. அஞ்சுக்கு மேல இல்லையாம்ல? இருந்தா போட்டிருப்பேன்."

"எல்லாரும் போட்டாகளா?"

"போடாம? ஒங்க மாமாவோட பங்காளி மட்டும் நாலு போட்டுட்டு, போனத் தூக்கி எல்லாருக்கும் காட்டுனாரு. கேட்டதுக்கு, நான் குடிச்சவன்யா, நாலுதான் வரும்ங்கிறாரு. அண்ணன் எலையில கைய வச்சது, அப்புடியே எந்திரிச்சிருச்சு. அவரு தோப்புக்குப் போற பாதைய அண்ணன் அடைச்ச தகராறை மனசுல வச்சுக்கிட்டுச் செய்யிறாரு, வேற என்ன?"

அந்தப் பங்காளிக்குப் பூ லாரி ஓடுகிறது. பெங்களூர் போய் வருவார். அந்த மதுக்கூடத்தில் மச்சானைப் பார்த்ததாக முன்பே சொல்லியிருந்தார். அவர் நிஜமாகவே குடித்துப் பார்த்து நாலு போட்டாரா, பாதையை நினைத்துப் போட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் யாருக்கும் அந்தச் சந்தேகம்கூட இல்லை.

மாடிக்கு வந்தபோது மச்சான் போன். "மாப்ள, நாலரைக்கு மேல போயிருச்சுடா! மொதலாளி கூப்புட்டுக் கை குடுத்தாரு!" பின்னால் கண்ணாடி டம்ளர்கள் மோதுகிற சத்தம். சந்தோஷமாக இருந்தான். என் முன்னால் குவியல் அப்படியே இருந்தது. ஷிப்டு இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், இதெல்லாம் எங்க சொந்தக்காரங்க. எங்க ஆத்தாவும் இருக்கு."

"அப்ப நீங்க தொடக்கூடாது தம்பி. சொன்னது நல்லது. வேற ஆளுக்கு மாத்திடுறேன்."

"தூக்கிருவாங்களா?"

"குடிக்காதவங்க போட்டிருக்காங்களே."

"அன்னைக்கு அந்தப் பெரிய எடத்துப் பீருக்கும் யாரும் குடிக்காமத்தான மேடம் போட்டாங்க?"

 மேடம் மெதுவாகச் சொன்னார். "அவங்க வேற வேற ஊரு, வேற வேற நேரம். நிறைய எழுதுறவங்க. உங்க ஊர்ல எல்லாரும் ஒரே வைஃபைல, புது அக்கவுண்ட்ல, ஒரு மணி நேரத்துல போட்டிருக்காங்க. நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

 அவரும் ஒரு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்தான்.

பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் என்றால், ஒன்றைத் தவிர. பங்காளியின் நாலு அப்படியே நின்றது. அவர் தன் அக்கவுண்டை முன்பே பெங்களூரில் அந்த மதுக்கூடத்தில் உட்கார்ந்து தொடங்கியிருந்தார். அதனால் கம்ப்யூட்டர் அவரை நம்பியது. பீரின் பக்கத்தில் மேலே, சந்தேகத்துக்குரிய மதிப்பீடுகள் நீக்கப்பட்டன என்று சிவப்பில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வந்தவர்கள் ஒன்று, ஒன்றரை என்று போட்டார்கள். அவர்களும் குடித்திருக்க மாட்டார்கள். அதைக் கம்ப்யூட்டர் எனக்கு அனுப்பவில்லை.

மதுக்கூட முதலாளி, மச்சான்தான் ஆள் வைத்துப் போடச் சொன்னான் என்று முடிவு செய்துவிட்டார். மாதக் கடைசிவரைகூடக் காத்திருக்கவில்லை. குழாய் வேறு பீருக்குப் போனது. மச்சான் இப்போது டிரம் கழுவுகிறான். "எங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத, ஆசையாச் செஞ்சாரு" என்று மட்டும் சொன்னான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் மாமா எல்லோரிடமும் பங்காளியின் நாலுதான் மகனைக் கவிழ்த்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அடைத்திருந்த பாதையில் மாமா மேற்கொண்டு முள்ளும் வெட்டிப் போட்டார். நான் போய் விளக்கினேன்.

"மாமா, ஒங்க அஞ்செல்லாம் போயிருச்சு. அவரு நாலுதான் நிக்குது."

"யாருகிட்ட சொல்ற? இந்தா பாரு." போனை நீட்டினார். பலாப்பழ பீருக்குக் கீழே அவர் போட்ட ஐந்தும் மஞ்சளாக இருந்தன. தூக்கியது போட்டவருக்குத் தெரியாது, அவர் போனில் மட்டும் அப்படியே இருக்கும், அந்த ஆப்பின் ஏற்பாடு அது.

"அது ஒங்களுக்கு மட்டும் தெரியும் மாமா."

"ஒங்க ஆத்தா போன்லயும் இருக்கு. கொத்தமங்கலத்தாரு போன்லயும் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு, ஆனா போயிருச்சுங்கிற. படிச்சவன் பேசுற பேச்சா இது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒன் வேலைக்கு எதும் ஆகிருமோன்னு பயந்துக்கிட்டு அந்தாளுக்குப் பேசுறியா மருமகனே?"

எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கடைத்தெரு டீக்கடையில் பங்காளி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்க மாமன் அங்கிட்டு என்னென்னமோ பேசுறாராம்ல. மெய்யா என்ன நடந்துச்சு, நீ சொல்லு."

சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாருதும் போச்சா?"

"போச்சு."

"எனது?"

"நிக்குது."

"அப்ப நான் ஒருத்தன்தான் அந்தப் பயலுக்கு மொய் செஞ்சிருக்கேனா?" என்றார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இத ஒங்க மாமன்கிட்ட போயிச் சொல்லுய்யா."

"சொல்லிட்டேங்க."

"என்ன சொன்னாரு?"

நான் டீயைக் குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.