வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு: இரண்டாவது கோல் கீப்பரைப் பார்க்கப் போனது

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனை மைதானத்துக்குப் போனேன். பேத்தி நிலானி ஒரு தடவையாவது கோல் வாசலில் நிற்பதைக் காணவேண்டும் என்ற ஆசைதான். இந்த வருடத்தின் கடைசி ஆட்டம் அது. அடுத்த வருடம் அவளுக்கு டீமில் ஆடும் வயது தாண்டிவிடும்.

முதலில் அவள் வெள்ளவத்தையில், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடினாள். எல்லா ஆட்டத்திலும் அவள்தான் கோல் கீப்பர். போன வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள், கொட்டாஞ்சேனைக் கல்லூரியின் பயிற்சியாளர் மிஸ் எங்கள் வீடு தேடி வந்தார். என் கையால் மூன்று தோசை சாப்பிட்டார், சம்பல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். “உங்கட பேத்தி வந்தால் எங்கட டீமுக்குப் பெரிய பலம், அம்மா” என்றார். நானும் பள்ளி மாற்றச் சம்மதித்தேன். அங்கே ஏற்கெனவே எத்தனை கீப்பர் என்று கேட்கத் தோன்றவில்லை. ஷெரின் என்றொரு பிள்ளை இருந்தாள். அவளுக்கு ஏதும் நடந்தால் இறக்குவதற்குத்தான் நிலானி. பதினொரு ஆட்டம் மைதான ஓரத்து வாங்குப் பலகையிலேயே இருந்துவிட்டாள். மிஸ் தின்ற தோசையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் 1.10 ரயில். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம். கடல் பக்கம் அழகுதான், ஆனால் மதிய வெயில் முகத்தில் அடிக்கும். மற்றப் பக்கம் இருங்கள். கோட்டையிலிருந்து மைதானம் மூன்று கிலோமீற்றர், ஓட்டோதான் வசதி.

“அறுநூறு தாங்க அம்மா.”

“போன மாதம் நானூறுக்குக் கொண்டுபோனது நீர்தான். கண்ணாடியில ரோசாப்பூ மாலை தொங்கினது. ஏறட்டோ?”

அவர் சிரித்துவிட்டார். “ஏறுங்க. உங்களுக்கு மீட்டரே தேவையில்ல.”

ஆட்டம் 2.30க்கு. தகரக் கூரையின் கீழ் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தது ஷெரினின் தாய். கொண்டுவந்த பற்றிஸ் பலகாரத்தில் பாதியை எனக்குத் தந்தாள்.

“ரெண்டும் நம்ம பிள்ளைங்கதானே” என்றாள்.

“ஓம். ஒண்டு நிக்குது, மற்றது இருக்குது.”

ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் ஷெரின் பாய்ந்து பந்தைப் பிடித்தாள். தோள் கோல் கம்பத்தில் மோதியது. கிடந்துவிட்டாள். மிஸ் வாங்குப் பக்கம் திரும்பினார். நிலானி ஜக்கெற்றைக் கழற்றி எறிந்து, கையுறை மாட்டிக்கொண்டு கோட்டோரம் துள்ளத் தொடங்கினாள். நான் கண்ணை மூடிக் கைகூப்பினேன். எழும்பாதே பிள்ளை. இருபது நிமிடம் மட்டும் எழும்பாதே.

கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். ஷெரின் எழும்பி நின்றாள். நிலானியும் கையுறையோடே கைதட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

ஷெரினின் தாய் என் கையைப் பிடித்தாள். “நீங்களும் என் பிள்ளைக்காக ஜெபம் பண்ணினீங்க. பார்த்தேன். மாதா உங்க பேத்திய நல்லா வைப்பா.”

“ஓம்” என்றேன்.

ரயிலில் நிலானி கேட்டாள்: “அம்மம்மா, நான் கிளவுஸ் போட்டதைக் கண்டனீங்களோ?”

“கண்டனான்.”

தெஹிவளைக்குப் போகும் அந்த ரயில் பம்பலப்பிட்டியில் நின்றபோது திரும்பவும் அதையே கேட்டாள்.

பிள்ளையை வேறு கல்லூரிக்கு மாற்றப் போகிறவர்கள், அவள் ஆடும் இடத்துக்கு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தோசை சுடுங்கள். மைதானத்துக்குக் குடை கொண்டுபோய் வெயிலில் இருங்கள். முதல் கீப்பரின் தாய்க்குப் பக்கத்தில் மட்டும் இருக்கவேண்டாம். அவள் நல்லவளாக இருந்துவிட்டால், கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?