எந்தத் துவக்கு திறம்?

கவுண்டருக்குப் பின்னால நிண்டு காலும் வாயும் நோகிற என் விற்பனைக்கார இனத்தவரே, கனடாவில, ஸ்காபரோவில ஒரு துவக்குக் கடையில வந்து நிண்டு பாருங்கோ: எது திறமெண்டு சொல்லுறது பாதி வேலை, ஆருக்குக் குடுக்கக்கூடாதெண்டு கண்டுபிடிக்கிறது மிச்சப் பாதி. லைசன்ஸ் இருந்தாலும், எங்கட மனதுக்குச் சரிப்படாட்டி விக்கமாட்டம். அதில பிழைவிட்டால் ஒரு உயிர் போயிடும்.

சனிக்கிழமை ஆராய்ச்சி

அஜின்கோர்ட்டில வீடு வித்துக் குடுக்கிற தியாகு அண்ணை மான் வேட்டைக்கு ஒரு செமி ஓட்டோ ரைபிள் தேடி வந்தார். வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். மலிவானது கடுங்குளிரில இறுகும், அடிக்கடி கழட்டித் துடைக்கவேணும். விலை கூடினது இறுகாது, ஆனால் பாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெண்டையும் தோளில வைச்சுப் பார்த்து, யூரியூப்பில பார்த்ததை எனக்கே பாடமெடுப்பார். கடைசியில அரசாங்கம் ரெண்டு மொடலையும் ஒரேயடியாத் தடைசெய்து போட்டுது. அடுத்த சனிக்கிழமையும் மனுசன் வந்து நிக்குது!

"இனி உம்மால விக்கேலாதுதானே தம்பி, இப்பவாவது உண்மையைச் சொல்லும், எது திறம்?"

வாசலுக்குப் போன மனிசி

வோபர்னில இருந்து ஒரு புருசனும் பெண்சாதியும். தடைக்குத் தப்பின ரெண்டு ரைபிளை எடுத்து வைச்சன். உள்ளுக்குக் குண்டில்லையெண்டு காட்ட, வழமைபோல போல்ட்டைப் பின்னால இழுத்து விட்டன். முதல் 'சடக்'கிலேயே பெண்சாதியின்ர முகம் வெளிறிப்போச்சு. யுத்தம் முடியிறவரை வன்னியில இருந்தவவாம். விறுவிறெண்டு வாசலுக்குப் போயிட்டா. சின்னனிலேயே கனடா வந்த புருசனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "இஞ்ச வாருமப்பா, எது நல்லதெண்டு சொல்லும்" எண்டு கூப்பிடுறார். எனக்கு வெக்கமாப் போச்சு. அவ திரும்பிப் பாராமலே சொன்னா:

"எந்தக் கொம்பனி செய்தாலும் சத்தம் ஒண்டுதான்."

ஒண்டுமே கேளாத ஆள்

டோர்செட் பார்க் ரவி போன மாரியில கடைக்கு வந்தவர். சேவ் எடுக்காத முகம், லைசன்ஸ் கையில. நான் ரெண்டு ரைபிளை எடுத்து வைச்சு, பழக்கதோசத்தில விலை, பாரம், குளிரில எது இறுகும் எண்டு விளாசிக்கொண்டு போறன். "எது கிட்ட இருக்கோ அதைத் தாங்கோ அண்ணை" எண்டார். "இது கனகாலம் உழைக்கும்" எண்டன். "கனகாலம் தேவையில்லை" எண்டார்.

ஆரோட வேட்டைக்குப் போறியள் எண்டு கேட்டன், லைசன்ஸை நீட்டினார். ரெண்டையும் அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டு, "இண்டைக்கு விக்கமாட்டன் தம்பி" எண்டன். சண்டை பிடிப்பாரெண்டு பார்த்தன். இல்லை. "மற்றக் கடையளிலயும் இப்பிடித்தான் கேப்பினமோ?" எண்டு ஆறுதலாக் கேட்டார். ஓமெண்டு பொய் சொன்னன். பிறகு வாய்விட்டே கேட்டன்: "சாக யோசிக்கிறியளோ?" மனுசன் கதிரையில இருந்து அழத் தொடங்கிட்டுது.

அவற்ற போனை வாங்கி அவரின்ர அக்காவைக் கூப்பிட்டன். வேலையுடுப்போடயே ஓடிவந்தா. தம்பியைத் தனிய விடாதேங்கோ, இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ எண்டன். அவ அவரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்னைப் பார்த்தா:

"மனிசி செத்தாப்பிறகு இவன் கடைவழிய போறதேயில்லை அண்ணை, பால்கூட நான்தான் வாங்கிக் குடுக்கிறனான்."

எது திறமெண்டு கேட்டு என்ர மண்டையைக் காயவைக்கிற ஆக்களுக்கு நான் இப்பவெல்லாம் கதிரை போட்டுக் குடுக்கிறன்.