படலையில் ஒட்டிய தாள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். ஆகவே மூக்கொழுகத் தடிமனும் காய்ச்சலும் வந்தபோது, அவற்றைப் படித்தவளாகவே எதிர்கொள்ளத் தீர்மானித்தேன். கொதித்தாறிய தண்ணீர், பனடோல், தனி அறை. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாதென்று, "காய்ச்சல். தயவுசெய்து உள்ளே வரவேண்டாம்" என்று வெள்ளைத் தாளில் அழகாக எழுதி வாசல் படலையில் ஒட்டிவிட்டுப் படுத்தேன்.

எங்கள் ஊரில் படலையில் தாள் ஒட்டினால் அது மரண அறிவித்தல்தான். அதை யாரும் நின்று வாசிப்பதில்லை. பக்கத்து வீட்டு மாமி முற்றத்திலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். குசினியில் சமையலை விட்டு ஓடிவந்த அம்மா, "ஐயோ, ஆர் செத்துப்போயிட்டினம்?" என்று கேட்டபடியே தானும் அழுதார்.

நான் தலையில் துவாயோடு வெளியே வந்தேன். "ஒருத்தரும் சாகேல்லை மாமி. எனக்குத் தடிமன்."

"தடிமனுக்கு ஆரும் நோட்டீஸ் ஒட்டுவினமோ பிள்ளை?" என்று மாமி என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்.

பின்னேரத்துக்குள், துணுக்காயிலிருந்து வந்த சித்தி உட்பட, பதினைந்து பேர் என் கட்டிலைச் சுற்றியிருந்து இஞ்சி மணக்கும் வேர்க்கொம்புக் கோப்பி குடித்தார்கள்.

அடுத்த கிழமை எனக்குச் சுகம். மாமி வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். அவர்களுடைய படலையில் தாள் எதுவும் இல்லை. தோடம்பழம் வாங்கிக்கொண்டு நானும் பார்க்கப் போனேன்.