சம்பந்திக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்குப் பசி கூடிவிட்டது. வகுப்பு முடிந்து வந்ததும் இரண்டு தட்டு சோறு சாப்பிடுவேன். சாப்பிடும்போதும் வாய்க்குள் ஏதாவது ஒரு வினைச்சொல்லை உருட்டிக்கொண்டிருப்பேன். ஓய்வுபெற்ற பிறகு எதற்கும் அப்படி ஒரு துடிப்பு எனக்கு வந்ததில்லை. அந்தத் துடிப்பில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். என் மகளும் பீங்கான் தொழில் படிப்பையே படித்தாள். ஸ்பெயினின் கிழக்குக் கரையில், டைல்ஸ் செய்தே பிழைக்கும் ஒரு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த அந்த ஊர்க்காரரையே கல்யாணமும் செய்துகொண்டாள். "ரெண்டு பேரும் தனியா அங்க என்ன பண்றீங்க, இங்கயே வந்துடுங்க" என்று கூப்பிட்டாள். நானும் என் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம், திரும்பி வரும் எண்ணம் இல்லாமலே.

அந்த ஊர் நூலகத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழி வகுப்பு நடந்தது. மொராக்கோ பெண்கள், உக்ரைனிலிருந்து வந்த ஒரு குடும்பம், பாகிஸ்தான்காரர் ஒருவர், நான். 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதே சொல்லில் நடு எழுத்தை உருட்டிப் 'பெறோ' என்றால் நாய். வகுப்பில் பாதிப்பேர் 'ஆனால்' என்று சொல்லப்போய் நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரகரமும் றகரமும் பள்ளிக்கூடத்திலேயே அடி வாங்கிப் படித்தவை. நான் சொன்னதைக் கேட்டு ஆசிரியை கைதட்டினார். இந்த வயதில் கைதட்டல் வாங்குவது எப்படிப்பட்ட போதை என்று வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் உறவுமுறைப் பாடம். மகனின் அல்லது மகளின் மாமியாருக்கு 'கொன்சுவேக்ரா' என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். சம்பந்தி! இத்தனை வருஷம் ஆங்கிலம் படித்து, ஆங்கிலத்தில் வேலை பார்த்தவன். அந்த மொழியில் சம்பந்திக்கு ஒற்றை வார்த்தை இல்லை. இங்கே இருக்கிறது. அப்படியானால் இவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான் என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்தது. அன்று சாயங்காலமே மருமகனின் அம்மா வீட்டுக் கதவைத் தட்டி, "கொன்சுவேக்ரா!" என்றேன். டைல்ஸ் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த அம்மாள் அவர், கணவர் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார். என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்து ஆலிவ் காய் கொடுத்தார்.

என் மனைவி ஒரே ஒருநாள் வகுப்புக்கு வந்தாள். மறுநாள் கிளம்பும்போது, "நீங்க போங்க, எனக்கு வேணாம்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. காலையில் நான் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். மீன் விற்பவரிடம், ரொட்டிக்காரியிடம், பூங்காவில் கிழவர்களிடம் என்று வார்த்தை பொறுக்கிக்கொண்டு திரிவேன். அவள் நாலாவது மாடியில் ஜன்னலோரம் இருப்பாள். மகளும் மருமகனும் ஆலைக்குப் போய்விடுவார்கள். நான் சமையலறை டப்பாக்களில் ஸ்பானிஷ் பெயர் எழுதி ஒட்டினேன், அவளுக்குப் பழகட்டும் என்று.

"பருப்பு டப்பாவுல எதுக்குங்க பேரு ஒட்றீங்க? எனக்குப் பருப்பு தெரியாதா?"

"அப்பதான் வார்த்தை மனசுல நிக்கும்."

"வார்த்தைய வச்சிக்கிட்டு யார்கிட்ட பேசுறது? டப்பாகிட்டயா?"

நான் சிரித்தேன். அது கேள்வி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்தத் தை மாதம் என் தங்கை பேத்தி கல்யாணத்துக்கு விருத்தாசலம் வந்தோம். மகளுக்கும் மருமகனுக்கும் விடுப்பு இல்லை. சம்பந்தியம்மா, "என் மருமகள் பிறந்த ஊரை நான் பார்க்க வேண்டும்" என்று எங்களோடு கிளம்பிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. ஆக, இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருவன்தான். சம்பந்தியம்மா செல்போனில் மொழிபெயர்க்கும் வசதியை ஒருமுறை திறந்தார். "நான் இருக்கும்போது அது எதற்கு?" என்று மூடச் சொன்னேன்.

எவ்வளவு சந்தோஷமான நாட்கள்! ஜங்ஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "சார், இந்தம்மா எந்த ஊருங்க? நீங்க பேசுறது என்ன பாஷ, மெஷின் ஓட்டுற மாதிரி இருக்குது?" என்றார். பழமலைநாதர் கோயில் தூண்களைச் சம்பந்தியம்மா தட்டித் தட்டிப் பார்த்தார். நான் வேலை பார்த்த பக்கம் ஒரு சூளைக்குக் கூட்டிப்போனேன். அவர் களிமண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்து, நுனி நாக்கில் வைத்து, "எங்கள் மண்ணைவிட வழவழப்பு" என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அங்கிருந்த பெண்கள், "மண்ண தின்னே சொல்லிட்டாங்க பாரு!" என்று கூச்சல் போட்டார்கள். அதையும் ஸ்பானிஷில் சொன்னேன். மறுபடி கூச்சல். நடுவில் நின்று இரண்டு பக்கச் சிரிப்பையும் நானே உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் வீட்டை ஒட்டி அவருடைய அக்காவின் தரைத்தள வீடு காலியாகிறது. மாடி ஏற வேண்டாம், பின்னால் தோட்டம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே வந்துவிடுங்கள், நாம் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். நான் மனைவியிடம் சொன்னேன். என் மனதில் அந்தத் தோட்டத்தில் நாற்காலி போட்டாகிவிட்டது.

என் மனைவி தன் மறு கையை அவர் கைமேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், அவரையே பார்த்துச் சொன்னாள். "சொல்லுங்க. இவ்ளோ ஆசையா கூப்பிட்றாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா நான் இனிமே அங்க வரல. வாயிருந்தும் ஊமையா ஒக்காந்திருந்தேன். என்னால அது ஆவல. நம்ம வூட்லயே இருந்துக்கிறேன். கோச்சிக்க வேணாம்னு சொல்லுங்க."

சம்பந்தியிடம் முகத்துக்கு நேரே 'வரமாட்டேன்' என்று சொல்வதா? நம் பக்கத்தில் யார் சொல்லியிருக்கிறார்கள்? கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடச் சம்பந்தி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் நாம். இப்படித்தான் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, எனக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

"ரொம்ப நன்றி, ரொம்ப சந்தோஷம், எப்போது அந்தத் தோட்டத்தைப் பார்ப்போம் என்று இருக்கிறதாம்" என்று ஸ்பானிஷில் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல் சொன்னேன்.

சம்பந்தியம்மா என் மனைவியைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா, எவ்ளோ பெரிய மனசு! நான்தான் பயந்துட்டேன்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுது, சேர்ந்து சிரித்தார்கள். சம்பந்தியம்மா அப்போதே மகனுக்குப் போன் போட்டு வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி அதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு நிம்மதியாக நான் வெகுநாட்களாகப் பார்த்திருக்கவில்லை. நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா ஊருக்குப் பெட்டி கட்டும் நாள் வந்தது. எங்கள் டிக்கெட் அதற்கடுத்த வாரம். என் மனைவி முறுக்கு, ஊறுகாய், மகளுக்கு ஒரு சேலை எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். கடைசியாக, குளிருக்காக அங்கே மகள் வாங்கிக் கொடுத்திருந்த கம்பளிக் கோட்டை மடித்து எடுத்து வந்து அவர் பெட்டியில் வைத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. யாருக்காவது ஆவும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கோட்டை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "இல்லை, இல்லை, அங்கே இப்போது நல்ல குளிர். நீங்கள் போட்டுக்கொண்டு வாருங்கள்."

என் மனைவி மறுபடி பெட்டியில் வைத்தாள். அவர் எடுத்து அவள் தோளில் போர்த்தினார். இவள் கழற்றினாள். விளையாட்டு மாதிரிதான் தொடங்கியது. நாலாவது தடவை கோட்டு இரண்டு பேர் கையிலும் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"இவங்க என்னங்க சொல்றாங்க?" என்றாள் மனைவி. அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

'மெந்தீ' என்றேன் சம்பந்தியம்மாவிடம். பொய் சொன்னேன் என்று அர்த்தம். பிறகு மனைவியிடம் தமிழில் சொன்னேன். தமிழில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. "நான் சொன்னத மாத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டார். எங்கள் பக்கம் சம்பந்தியிடம் மறுத்துப் பேசுவது வழக்கமில்லை என்றேன்.

"என் மகளின் மாமியாரும் நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சமையலறையில் கத்திச் சண்டை போடுவோம். அதற்குத்தானே சம்பந்தி?" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அங்கே அவர்களுக்கு என்ன குறை இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது முழுதும் எனக்கு வேண்டும்."

என் மனைவி பேசினாள். ஜன்னலைப் பற்றி, லிப்டில் யாராவது ஏறினால் தலையைக் குனிந்துகொண்டதைப் பற்றி, மகளிடம் சொன்னால் வருத்தப்படுவாள் என்று விழுங்கியதைப் பற்றி. "இவரு ஊரெல்லாம் பேசிட்டு வருவாரு. வூட்டுக்கு வந்து வாய்க்குள்ளயே மொணமொணன்னு பாடம் படிப்பாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது." அதையும் சொன்னேன். 'இவரு' என்பதை 'நான்' என்று மாற்றாமல் அவள் சொன்னபடியே சொன்னேன். வெட்கக்கேடான ஒரு உண்மையையும் எழுதிவிடுகிறேன்: என் ஸ்பானிஷ் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. தேடாமலே வார்த்தைகள் வந்தன. குறுகிப்போய் உட்கார்ந்திருந்த நிலையிலும் அதில் எனக்குள் ஒரு குதூகலம் இருந்தது.

கேட்டு முடித்த சம்பந்தியம்மா எழுந்து, கோட்டை மடித்துத் தன் பெட்டியில் வைத்தார். அவரே மகனுக்குப் போன் செய்து தரைத்தள வீடு வேண்டாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "அவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள்?"

அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நூலகம், ரொட்டிக்காரி, பூங்காக் கிழவர்கள், அடுத்த மாதம் ஆரம்பிக்க இருந்த மேல்வகுப்பு, எல்லாம் ஒரு கணம் வந்து நின்றன.

"மே கேதோ" என்றேன்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"நானும் இங்கயே இருக்கிறேன்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, என்னை ஒரு விரலால் காட்டி, அந்த விரலாலேயே தரையைக் காட்டி, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள். சம்பந்தியம்மா தலையசைத்த பிறகுதான் டீ போட எழுந்து போனாள்.